டென்ஸ் மெஷின் வாங்கப் போறீங்களா, ஹெர்ட்ஸ் நம்பர் தெரியுதான்னு முதல்ல பாருங்க

அம்மாவுக்கு போன ஐப்பசியில வலது முட்டி மாத்துற ஆபரேஷன் பண்ணோம். வயசு 67, சுகர் பன்னெண்டு வருஷமா இருக்கு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தையலும் பிரிச்சாச்சு, ஆனா தொடை மட்டும் சொன்ன பேச்சு கேக்கல. காலை நீட்டி வெச்சு "தொடையை இறுக்குங்கம்மா"ன்னு பிசியோ பொண்ணு சொல்லும், அம்மா மூஞ்சியெல்லாம் சுருக்கி மூச்சைப் பிடிச்சு முயற்சி பண்ணுவாங்க, தொடையில ஒரு அசைவும் இருக்காது. காலைத் தூக்கச் சொன்னா முட்டி மடிஞ்சேதான் மேல வரும். அப்பதான் வீட்டுக்கு ஒரு கரண்ட் மெஷின் வாங்கலாம்னு முடிவு பண்ணேன், டென்ஸ் மெஷின்னு சொல்வாங்களே, தோல்ல பேட் ஒட்டி சின்னச் சின்னதா மின் துடிப்பு குடுக்கறது. நம்ம ஊர்ல பிசியோதெரபின்னாலே "கரண்ட் வெச்சீங்களா"ன்னுதான கேப்பாங்க, தினம் ஆட்டோ பிடிச்சு ஸ்ரீரங்கத்துல இருந்து தில்லை நகர் போய் வெச்சுக்கிட்டு வர்ற நிலைமையில அம்மா இல்ல.

மொத்தம் ரெண்டு மெஷின் வாங்கினேன். முதல் மெஷின் வீண், ரெண்டாவது இன்னைக்கும் ஓடுது. பிராண்ட் பேரு ரெண்டுக்குமே போடல, ஏன்னா ஒரே டப்பாவை பத்து பேர்ல பத்து ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, பேரை விட உள்ள என்ன இருக்குன்னு பாக்கத் தெரிஞ்சா போதும். அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல் மெஷின் ஆன்லைன்ல 1,850 ரூபாய்க்கு வாங்கினது. பாக்க ஃபோன் மாதிரி அழகா இருக்கும், கலர் ஸ்க்ரீன், 24 மோட், ஒவ்வொரு மோடுக்கும் ஒரு படம், பிசையற மாதிரி, குத்தற மாதிரி, தட்டற மாதிரி, தோள், இடுப்பு, பாதம்னு. அளவு 1ல இருந்து 20 வரைக்கும். வந்த அன்னைக்கு என் கைலயே ஒட்டிப் பாத்தேன், சுர்ருன்னு நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் பிசியோ பொண்ணு வந்ததும் எடுத்துக் காட்டினேன். அது திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "அக்கா இதுல எந்த மோடு எத்தனை ஹெர்ட்ஸ் ஓடுதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?" மெஷின்ல இல்ல, டப்பாவுல இல்ல, கூட வந்த புக்குலயும் இல்ல. "அப்ப இதை வெச்சு நான் அம்மாவுக்கு எதையும் செட் பண்ண முடியாதுக்கா, எந்த மாத்திரைன்னு தெரியாம 24 கலர் மாத்திரையை கைல குடுத்த மாதிரி"ன்னு சொல்லிடுச்சு. கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டேன், "24 பவர்ஃபுல் மோட்ஸ் இருக்கு மேடம்"னு பதில் வந்துச்சு, அவ்வளவுதான். பணம் திரும்பக் கிடைக்கல.

எனக்கு அப்ப கோவம்தான் வந்துச்சு, ஹெர்ட்ஸ்ல அப்படி என்ன இருக்கு, கரண்ட் போனா போதாதான்னு. அந்தப் பொண்ணு உக்காந்து பொறுமையா விளக்கினது இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. ஹெர்ட்ஸ்ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அந்த மின் துடிப்பு போகுதுங்கற கணக்கு. எவ்வளவு பலமா போகுதுங்கறது வேற, அது மில்லி ஆம்ப். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்குதுங்கறது மூணாவது, அது மைக்ரோ செகண்ட் கணக்கு. இந்த மூணும் தனித்தனியா மாத்த முடியணும். நிறைய பேரு ஹெர்ட்ஸை ஏத்தினா பவர் கூடும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்லவே இல்ல. ஹெர்ட்ஸ் மாறினா வேலையே வேறயா மாறிடும், ஒண்ணு வலியை அமுக்கற வேலை, இன்னொண்ணு தசையை இழுக்கற வேலை.

ரெண்டாவது மெஷின் புத்தூர் பக்கம் ஒரு சர்ஜிக்கல்ஸ் கடையில வாங்கினேன், 4,300 ரூபாய். சாம்பல் கலர் டப்பா, ரெண்டு சேனல், கருப்பு எழுத்து வர்ற சின்ன ஸ்க்ரீன், அழகுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா வலியை அமுக்க டென்ஸ், தசையை இழுக்க ஈ.எம்.எஸ்னு ரெண்டு பகுதி தனித்தனியா இருக்கு, ஹெர்ட்ஸ் 1ல இருந்து 150 வரைக்கும் நாமளே வைக்கலாம், துடிப்போட அகலம் 50ல இருந்து 300 மைக்ரோ செகண்ட் வரைக்கும் வைக்கலாம், ஈ.எம்.எஸ்ல எத்தனை செகண்ட் இழுக்கணும், எத்தனை செகண்ட் ஓய்வு, எவ்வளவு மெதுவா ஏறணும்னு எல்லாமே நம்ம கைல. நான் வாங்கினதுக்கு காரணம் இது மட்டும்தான்.

கடையில இருந்த அண்ணன் முதல்ல வேற ஒண்ணை எடுத்துக் காட்டினாரு, "இது 2500 ஹெர்ட்ஸ்மா, ரஷ்யன் கரண்ட், மத்ததெல்லாம் 100, 150தான், இதுல பவர் ஜாஸ்தி"ன்னு. விலையும் மூணு மடங்கு. அன்னைக்கு பதில் சொல்லத் தெரியாம பிசியோ பொண்ணுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். அந்த 2500ங்கறது உள்ள ஓடுற அலை மட்டும்தான், அதை 10 மில்லி செகண்ட் விட்டு 10 மில்லி செகண்ட் நிறுத்தி நிறுத்திக் குடுக்கும், அப்போ செகண்டுக்கு 50 கொத்து போகும், தசைக்குக் கேக்கறது அந்த 50தான்னு சொல்லுச்சு. அப்புறம் நானே ஆர்வத்துல தேடிப் படிச்சேன். சோவியத் யூனியன்ல யாக்கோவ் கோட்ஸ்னு ஒருத்தர் விளையாட்டு வீரர்களுக்குப் பயன்படுத்தின முறை அது, 1977ல கனடாவுல மான்ட்ரியால்ல நடந்த ஒரு கூட்டத்துல அவர் பேசினதுக்கு அப்புறம்தான் வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது. பத்து செகண்ட் இழுக்கணும், ஐம்பது செகண்ட் ஓய்வு, மொத்தம் பத்து தடவை, அவ்வளவுதான் அவரோட கணக்கு. பின்னாடி ஆஸ்திரேலியாவுல அலெக்ஸ் வார்ட்னு ஒருத்தர் இதையெல்லாம் திரும்ப அலசி, தசைக்கு 2500 ஒண்ணும் சிறந்தது இல்ல, 1000 பக்கம் வெச்சு கொத்தை இன்னும் குட்டையா குடுத்தா நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருக்காரு. என் பணம் மிச்சமாச்சு.

கிளினிக்ல வலிக்கு வைக்கிற ஐ.எஃப்.டிங்கற (இன்டர்ஃபெரன்ஷியல் தெரபி) கரண்டும் இதே கதைதான். அதுல 4000 ஹெர்ட்ஸ் ஒரு ஜோடி பேட்ல, 4100 ஹெர்ட்ஸ் இன்னொரு ஜோடில, குறுக்கு நெடுக்கா வெப்பாங்க, ரெண்டும் உடம்புக்குள்ள சந்திக்கிற இடத்துல வித்தியாசமான 100 மட்டும் துடிப்பா வரும். 4000ல ஓட்டறதுக்குக் காரணம், அவ்வளவு வேகமான அலைக்குத் தோல் குடுக்கிற எதிர்ப்பு கம்மி, அதனால தோல்ல சுருக்குன்னு குத்தாது. ஆஸ்திரியாவுல நெமெக்ங்கறவர் 1950கள்ல கொண்டு வந்த முறை. அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மாசம் தினம் 300 ரூபாய் குடுத்து இதைத்தான் வெச்சோம், வலிக்கு வீட்டு டென்ஸுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததா அம்மா சொல்லல.

சரி, தொடைக்கு வர்றேன், இந்த மெஷின் காசுக்கு வேலை செஞ்சது அங்கதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் தொடை ஏன் இறுகல? தசை செத்துப் போகல, நரம்பும் நல்லாத்தான் இருக்கு. முட்டிக்குள்ள வீக்கமும் வலியும் இருக்கும்போது அங்க இருந்து போற சேதி தண்டுவடத்துல முன்தொடை தசையை "சும்மா இரு"ன்னு அடக்கி வெச்சிடுமாம். அம்மா எவ்வளவு நினைச்சாலும் உத்தரவு கீழ போய்ச் சேராது. மெஷின் என்ன பண்ணுதுன்னா மேல இருந்து வர்ற உத்தரவுக்குக் காத்திருக்காம நரம்பை நேரா தட்டி தசையை இழுக்க வைக்குது.

அதுக்கு எத்தனை ஹெர்ட்ஸ்னு தெரிஞ்சுக்க, பிசியோ பொண்ணு முதல்ல என் தொடையிலயே ஒட்டிக் காட்டுச்சு. 3 ஹெர்ட்ஸ்ல வெச்சப்ப டுப் டுப் டுப்னு தனித்தனியா துள்ளுச்சு, எண்ணலாம். 10, 15ன்னு ஏத்தினப்ப தொடை கிடுகிடுன்னு நடுங்குச்சு. 30 வந்ததும் நடுக்கம் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து கெட்டியா ஒரே இறுக்கமா நின்னுச்சு. பெரிய கோயில் புறப்பாட்டுக்கு தவில் கேட்டவங்களுக்கு இது புரியும், மெதுவா விளம்பத்துல வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனியா காதுல விழும், வேகம் ஏற ஏற அடியே தெரியாம ஒரே முழக்கமா ஆயிடும். தசையும் அப்படித்தான், ஒரு துடிப்புக்கு சுருங்கி விரியறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்துட்டா விரிய நேரம் இருக்காது. அந்த முழு இறுக்கம் வந்தாத்தான் தசைக்குப் பயிற்சி, சும்மா துள்ளிக்கிட்டு இருந்தா பலம் வராது. முதல் மெஷின்ல நான் பாத்த "பிசையற" மோட் எல்லாமே இந்தத் துள்ளல் ரகம்தான்னு அப்பதான் புரிஞ்சுது, அதை மாசக்கணக்கா வெச்சிருந்தாலும் தொடைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

அப்ப ஏன் நேரா 80, 100ன்னு வைக்கக் கூடாது? எனக்கும் அந்த ஆசை வந்துச்சு, ஒரு நாள் பொண்ணு வராத அன்னைக்கு நானே அம்மாவுக்கு 80 வெச்சேன். முதல் மூணு நாலு இழுப்பு பிரமாதம், முட்டி சிப்பி மேல ஏறி தொடை கல்லு மாதிரி நின்னுச்சு. ஏழாவது இழுப்புல பாதி கூட இல்ல, பத்தாவதுல வெறும் சுர்ருதான், அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரி தொடை கடுத்துப் போச்சு. நான் செஞ்சது தப்பு, அம்மா வலிப்பட்டதுதான் மிச்சம். மறுநாள் காரணம் கேட்டேன். நாமளா தசையை இறுக்கும்போது உடம்பு தசை நாரை எல்லாம் முறை போட்டு வேலை வாங்குது, ஒரு கூட்டம் இழுக்கும்போது இன்னொரு கூட்டம் ஓய்வு எடுக்கும், அதனால ஒவ்வொண்ணும் செகண்டுக்கு கம்மியான தடவை சுட்டாலே போதும். மெஷின்ல அந்த முறை கிடையாது, பேடுக்குக் கீழ இருக்கற அதே நாருங்களை எல்லாத்தையும் ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப இழுக்குது. ஹெர்ட்ஸ் கூடக் கூட இறுக்கமும் கூடும், ஆனா களைப்பு அதை விட வேகமா கூடும். ஆபரேஷன் ஆகி மெலிஞ்சு கிடக்கற தசைக்கு 35ல ஆரம்பிச்சு, தாங்க ஆரம்பிச்சதும் 50க்குப் போறது போதும்னு சொல்லுச்சு.

நாங்க வெச்ச கணக்கு இதுதான், உங்க பிசியோ வேற சொன்னா அதையே கேளுங்க. முதல் பத்து நாள் 35 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோ செகண்ட், பத்து செகண்ட் இழுப்பு, ஐம்பது செகண்ட் ஓய்வு, பதினைஞ்சு தடவை, காலையில ஒரு வேளை, சாயந்தரம் ஒரு வேளை. அப்புறம் 50 ஹெர்ட்ஸ், ஓய்வு முப்பது செகண்ட். ஏறுறதுக்கு மூணு செகண்ட் வெச்சோம், அது இல்லாம சட்டுனு இழுத்தா அம்மா பயந்து காலையே இழுத்துக்குவாங்க. அகலம் 300 வெச்சதுக்குக் காரணம் தொடை பெரிய தசை, குட்டையான துடிப்புக்கு மில்லி ஆம்ப் நிறைய ஏத்தணும், தோல்ல குத்தும். பேட் ஒண்ணு முட்டிக்கு நாலு விரல் மேல உள்பக்கம், இன்னொண்ணு தொடையோட மேல்பக்கம் வெளிப்புறம். தழும்பு மேல வைக்கக் கூடாது. எந்த இடத்துல நல்லா இழுக்குதுன்னு கண்டுபிடிச்சதும் ஸ்கெட்ச் பேனாவுல வட்டம் போட்டு வெச்சோம், தினம் தேடற வேலை இல்ல.

கரண்ட் வரும்போது சும்மா படுத்திருக்கக் கூடாது, கூடவே அம்மாவும் தொடையை இறுக்கணும். இது ரொம்ப ரொம்ப முக்கியம்னு பொண்ணு சொல்லிக்கிட்டே இருக்கும். நான் அடுப்படியில இருந்து "வருது வருது, இறுக்கும்மா"ன்னு கத்துவேன், அம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்குவாங்க. பதினேழாம் நாள்னு நினைக்கிறேன், ஓய்வு நேரம் ஓடிக்கிட்டிருக்கு, கரண்டே இல்ல, அம்மா "இங்க பாருடி"ன்னு கூப்பிட்டாங்க. தொடை தானா இறுகி முட்டி சிப்பி மேல ஏறுச்சு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அஞ்சாவது வாரம் முட்டி மடியாம காலைத் தூக்கிட்டாங்க.

உள்ள உலோகம் இருக்கே, கரண்ட் வைக்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நாங்களும் ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சோம், இந்த மாதிரி முன்னும் பின்னும் மாறி மாறிப் போற சின்னத் துடிப்பு உலோகத்தை சூடாக்காது, வைக்கலாம்னு சொன்னாரு. ஷார்ட் வேவ் டயதெர்மின்னு சூடு வைக்கிற மெஷின் ஒண்ணு இருக்கு, அதுதான் உலோகம் இருக்கற இடத்துல ஆகாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இனி வலிக்கு. டென்ஸ் பகுதியில ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் அம்மாவுக்கு வெச்சுப் பாத்தோம்.

ஒண்ணு 100 ஹெர்ட்ஸ், அகலம் 100 மைக்ரோ செகண்ட். தசை துள்ளக் கூடாது, எறும்பு ஊர்ற மாதிரி நல்லா அழுத்தமா சுர்ருன்னு தெரியணும், வலிக்கக் கூடாது. இடிச்சுக்கிட்ட இடத்தை நாம பரபரன்னு தேய்ப்போமே அதே தத்துவம்தான், தொடு உணர்ச்சி நரம்பு வழியா நிறைய சேதி போனா வலி சேதிக்கு தண்டுவடத்துல கதவு சாத்திக்கும். மெல்சாக், வால்னு ரெண்டு பேரு 1965ல இந்தக் கதவுக் கணக்கை எழுதினாங்க, அதுல இருந்துதான் இந்த மெஷின் எல்லாம் வளர்ந்துச்சு. வெச்ச அஞ்சு பத்து நிமிஷத்துல வலி தணியும், ஆனா எடுத்ததும் சீக்கிரமே திரும்பும். அம்மா சாயந்தரம் முட்டி மடக்கற பயிற்சி செய்யும்போதே முட்டியைச் சுத்தி நாலு பேட் ஒட்டி ஓடவிட்டுத்தான் செய்வாங்க, அந்த அரை மணி நேரம் மடக்க முடிஞ்சா போதும், அதுக்கு இது சரியா உதவுச்சு.

இன்னொண்ணு 4 ஹெர்ட்ஸ், அகலம் 200 மைக்ரோ செகண்ட், தசை கண்ணுக்குத் தெரியற மாதிரி துள்ளணும். இது உடம்பு தானே சுரக்கற வலி நிவாரணியைக் கிளப்பற வழி, ஆரம்பிக்க நேரம் எடுக்கும், முப்பது நாப்பது நிமிஷம் வைக்கணும், ஆனா எடுத்த பின்னாடியும் பலன் நீடிக்கும். ரொம்ப நாளா மார்ஃபின் வகை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த வழி அவ்வளவா வேலை செய்யாதாம், ரெண்டும் ஒரே பூட்டைத்தான் தேடிப் போகுது. புது முட்டி மேல துள்ளல் அம்மாவுக்குப் பிடிக்கல, ரெண்டு நாள்ல நிறுத்திட்டோம், அதை இடுப்பு வலிக்கு மட்டும் வெச்சுக்கறாங்க, அங்க ராத்திரி தூக்கம் வர அளவுக்கு உதவுது.

ஒரு விஷயம் கவனிச்சேன், 100 ஹெர்ட்ஸ் வெச்சு பத்து நிமிஷம் ஆனா "கரண்ட் நின்னு போச்சு பாரு"ம்பாங்க அம்மா. நிக்கல, நரம்பு பழகிடுது. அப்ப மில்லி ஆம்பை கொஞ்சம் ஏத்தணும், இல்லன்னா ஹெர்ட்ஸ் தானா ஏறி இறங்கற மாடுலேஷன் மோட்ல போடணும். பயந்துக்கிட்டு லேசா வெச்சிட்டு பலனே இல்லன்னு சொல்றவங்கதான் நிறைய, தாங்கற அளவுக்கு அழுத்தமா இருக்கணும்.

ஆபரேஷன் எதுவும் இல்லாம தேய்மான முட்டி வலிக்கு இதை வாங்கலாமான்னு என் பெரியம்மா கேட்டாங்க, வேண்டாம்னுதான் சொன்னேன். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜிங்கற மூட்டு நோய் டாக்டருங்க சங்கம் 2019ல வெளியிட்ட வழிகாட்டில தேய்மான முட்டிக்கு டென்ஸ் பரிந்துரைக்க வேண்டாம்னு அழுத்தமாவே போட்டிருக்காங்க, உடற்பயிற்சியும் எடை குறைக்கறதும்தான் முன்னாடி. வைக்கிற நேரம் சுகமா இருக்கும், அந்த சுகத்தை நம்பி நடக்கற பயிற்சியை விட்டுடுவாங்கன்னுதான் எனக்குப் பயம்.

குறைகளையும் சொல்லிடறேன். பட்டன் லாக் கிடையாது, ஒரு தடவை போர்வை பட்டு அளவு ஏறிடுச்சு, அம்மா அலறிட்டாங்க, அதுல இருந்து மெஷினை ஒரு டிபன் டப்பாவுக்குள்ள வெச்சுத்தான் ஓட்டறோம். ஸ்க்ரீன்ல வெளிச்சம் இல்ல, சாயந்தரம் கண்ணாடி போட்டாலும் அம்மாவால படிக்க முடியல. வயர் பேட்ல சொருகற இடம் நாலு மாசத்துல லூஸ் ஆகி விட்டு விட்டு வந்துச்சு, புது வயர் 250 ரூபாய். புக்கு இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு, அதுவும் எழுத்து பொடிப் பொடியா, வயசானவங்க வீட்ல தனியா வெச்சுக்கற ஒரு பொருளுக்கு தமிழ்ல நாலு பக்கம் குடுக்கறது அவங்க கடமை. பேட் நாலு 320 ரூபாய், பதினைஞ்சு இருபது தடவைக்கு மேல ஒட்டாது, ஓரம் பிரிஞ்சதோட வெச்சா ஒட்டியிருக்கற கொஞ்ச இடத்துலயே மொத்த கரண்டும் இறங்கி சுருக்குன்னு கடிக்கும், மிச்சம் பிடிக்காதீங்க. காலைத் துடைச்சுட்டு ஒட்டினா, எண்ணெய் தடவாம இருந்தா, இன்னும் பத்து நாள் வரும்.

அம்மாவுக்கு சுகர் இருக்கறதால பாதத்துல உணர்ச்சி கம்மி, அங்க வைக்கவே இல்ல. தொடையில கூட முதல்ல பஞ்சு, ஊசி முனை, ஐஸ் வெச்சு உணர்ச்சி சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் பொண்ணு ஆரம்பிச்சுது, உணர்ச்சி இல்லாத தோல்ல எவ்வளவு போகுதுன்னே தெரியாம புண்ணாயிடும். பேஸ்மேக்கர் வெச்சவங்க, கர்ப்பிணிங்க, வலிப்பு இருக்கறவங்க, கேன்சர் இருக்கற இடம், இதெல்லாம் டாக்டர் சொல்லாம தொடவே கூடாது. கழுத்து முன்பக்கம், நெஞ்சு, கண்ணு மேல யாருக்குமே கூடாது. முட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்கு கெண்டைக்கால் திடீர்னு வீங்கி சூடா சிவந்து வலிச்சா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அங்க பேட் ஒட்டிக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மாமா பையனுக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிப் போச்சு, மெஷினைக் குடுன்னு கேட்டாங்க. நான் குடுக்கல, மனஸ்தாபம் கூட வந்துச்சு. நரம்பே பழுதாகி தசைக்கு தொடர்பு அறுந்துட்டா இந்த மாதிரி 300 மைக்ரோ செகண்ட் துடிப்புக்கு தசை அசையவே அசையாது, எத்தனை ஹெர்ட்ஸ் வெச்சாலும் அதே கதிதான். அதுக்கு 100 மில்லி செகண்ட் மாதிரி நீளமான துடிப்பு வேணும், அதாவது ஒரு லட்சம் மைக்ரோ செகண்ட், இந்த மெஷினால முடிஞ்சதை விட முன்னூறு மடங்குக்கும் மேல. அது கிளினிக்ல இருக்கற கால்வானிக் மெஷின், அதைக் கூட முகத்துல வைக்கலாமா வேண்டாமான்னு டாக்டர்தான் சொல்லணும். அசையலையேன்னு வீட்ல யாராச்சும் அளவை ஏத்திக்கிட்டே போயிருந்தா முகத்துல புண்ணுதான் மிச்சமாயிருக்கும். அவன் டாக்டர் குடுத்த மருந்துலயும் பயிற்சியிலயும் ரெண்டு மாசத்துல தேறிட்டான்.

பக்கவாதம் அப்படி இல்ல. அங்க கோளாறு மூளையில, கால்ல இருக்கற நரம்பு நல்லா இருக்கும், அதனால இந்த மெஷினுக்கு தசை பதில் சொல்லும். பெரியப்பாவுக்கு தை மாசம் இடது பக்கம் வந்துச்சு, நடக்கறாரு ஆனா முன்பாதம் தொங்கி தரையில உரசுது, செருப்பு கழண்டு கழண்டு விழுது. அவருக்கு முட்டிக்கு வெளிப்பக்கம் கீழ துருத்திக்கிட்டு இருக்கற எலும்புக்கு அடியில ஒரு பேட், முட்டிக்குக் கீழ காலோட முன்பக்கத் தசை மேல ஒரு பேட். 35 ஹெர்ட்ஸ் வெச்சதும் பாதம் மேல எழும்புச்சு. முதல்ல வெளிப்பக்கமா திரும்பிக்கிட்டு எழுந்துச்சு, கீழ் பேடை கொஞ்சம் உள்பக்கம் நகர்த்தினதும் நேரா வந்துச்சு. 1961லயே லிபர்சன்னு ஒரு டாக்டர் செருப்புல ஒரு சுவிட்ச் வெச்சு, குதிகால் தரையை விட்டதும் கரண்ட் போய் பாதம் தூக்கற மாதிரி செஞ்சிருக்காரு. நான் வாங்கின மெஷின்ல அந்த சுவிட்ச் சொருக இடமே இல்ல, அதனால நடக்கும்போது பயன்படுத்த முடியாது, உக்கார வெச்சு பயிற்சிக்கு மட்டும்தான். பாதம் தொங்கறவங்களுக்கு வாங்கறதா இருந்தா கை சுவிட்சோ கால் சுவிட்சோ சொருக வழி இருக்கான்னு கேட்டு வாங்குங்க, கொஞ்சம் விலை கூடினாலும் பரவால்ல.

அம்மா இப்போ ரெங்கா ரெங்கா கோபுரம் வரைக்கும் தனியா நடந்து போய்ட்டு வர்றாங்க, தொடைக்கு மெஷின் வைக்கறதை நிறுத்தி மூணு மாசமாச்சு. இடுப்புக்கு மட்டும் வாரம் ஒரு தடவை கேப்பாங்க. மத்த நாள் எல்லாம் மெஷின் பெரியப்பா வீட்ல, டிபன் டப்பாவோட, 35லயே கிடக்கு.